மூன்று லூப், ஆறெழுத்து, ஓர் அண்டர்ஸ்கோர்

இரண்டு மேட்ரிக்ஸைப் பெருக்கத் தெரியுமா உங்களுக்கு? தெரியாமல் என்ன! பிளஸ் டூவில் நோட்டில் போட்டீர்கள். காலேஜ் லேபில் மூன்று ‘ஃபார்’ லூப்பை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி, ரெக்கார்டு எழுதி, சாரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டீர்கள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தீர்கள். விஞ்ஞான உலகம் அதே மூன்று லூப்பை இன்னும் எழுதி முடித்தபாடில்லை.

சந்தேகமாக இருந்தால் ஒரு சயின்டிஃபிக் சாஃப்ட்வேரை சோர்ஸ் கோடாக இறக்கிக் கம்பைல் செய்து பாருங்கள். வானிலை, பாலம், மருந்து மூலக்கூறு என்று எதைப் பற்றியும் அலட்சியமாகப் பேசும். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, “எனக்குப் பெருக்கத் தெரியாதுங்க. பெருக்கத் தெரிந்தவர் உங்கள் மெஷினில் எங்கே குடியிருக்கிறார்? விலாசம் கொடுங்கள்” என்று நிற்கும். அந்தப் பெருக்கல் நிபுணரின் பெயர் பிளாஸ். அவரைக் கூலிக்கு வைத்துக்கொண்டு சமன்பாடு தீர்க்கும் மேஸ்திரி லேபேக். இருவரின் விலாசத்தையும் சரியாக எழுதிக் கொடுக்கும் சடங்குக்கு ‘கான்ஃபிகர்’ செய்தல் என்று பெயர். பிஎச்.டி. மாணவர்கள் பலர் வீட்டில் ‘ஆராய்ச்சி’ என்று சொல்லிக்கொண்டு செய்வது இதைத்தான்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று பார்க்க, கம்ப்யூட்டரே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும்.

1943-ல் ஹெரால்ட் ஹோட்டெலிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் மேதை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சமன்பாடுகளை ஒவ்வொன்றாக நீக்கித் தீர்க்கிறோமே, அந்த காஸ் முறையில் ஒரு சமன்பாடு கூடினால் பிழை நான்கு மடங்கு ஆகலாம் என்றார். அவர் கணக்குப்படி 100 சமன்பாடுகளைத் தீர்க்க ஏறத்தாழ 60 இலக்கம் கூடுதலாகக் கையில் வைத்திருக்க வேண்டும். நிபுணர்கள் வெலவெலத்துப் போனார்கள். யாராவது ஒருவர் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் மேதைகள் கணக்கைப் பற்றிக் கவலைப்படுவார்களே தவிர, கணக்குப் போடமாட்டார்கள்.

போட்டுப் பார்த்தது இங்கிலாந்தில். லண்டனை ஒட்டிய டெடிங்டனில் நேஷனல் ஃபிசிக்கல் லேபரட்டரி. 1946-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஜிம் வில்கின்சன் கையில் 18 சமன்பாடுகள் வந்து விழுந்தன. ஃபாக்ஸ், குட்வின், வில்கின்சன், இவர்களோடு சாட்சாத் ஆலன் டூரிங். ஆம், சினிமாவெல்லாம் எடுத்தார்களே, அவரேதான். மேஜைக் கால்குலேட்டரைச் சுற்றிச் சுற்றி நால்வரும் கணக்குப் போட்டார்கள். டூரிங்குக்கு மட்டும் உற்சாகமே இல்லை. காரணம் இரண்டு என்று வில்கின்சன் பிற்பாடு போட்டு உடைத்தார்: ஒன்று, இது தோல்வியில்தான் முடியும் என்று டூரிங் நம்பினார். இரண்டு, கம்ப்யூட்டர் யுகத்தின் தந்தைக்குக் கால்குலேட்டரில் கை பழகவில்லை.

விடை அட்டகாசமாக வந்தது. பூதமும் இல்லை, பிசாசும் இல்லை. அது ஏன் என்று விளக்கியே வில்கின்சன் 1970-ல் பரிசு வாங்கினார். பரிசின் பெயர் டூரிங் விருது!

இதற்கு நடுவில் அமெரிக்காவில் ஒரு காரியம் நடந்துவிட்டது. 1957-ல் ஐபிஎம் கம்பெனியில் ஜான் பேக்கஸ் கோஷ்டி ஃபோர்ட்ரான் என்ற மொழியை வெளியிட்டது. அது ஓடிய 704 மெஷினில் ஒரு ‘வேர்டு’ 36 பிட். ஓர் எழுத்துக்கு 6 பிட். ஆக ஒரு பெயருக்கு ஆறெழுத்துதான் இடம். அந்த மெஷின் என்றைக்கோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது. அதன் அலமாரி அளவு மட்டும் நம் தலையில் நிலைத்துவிட்டது.

பெயர்களைப் பாருங்கள். இரட்டைத் துல்லியத்துக்கு ‘டி’. பொதுவான மேட்ரிக்ஸுக்கு ‘ஜி, இ’. மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு ‘எம், எம்’. சேர்த்தால் டிஜெம், ஐந்தெழுத்து. மேட்ரிக்ஸை உடைக்க வேண்டுமா? டி, ஜி, இ, டி, ஆர், எஃப், ஆறெழுத்து. சைவர்களுக்கு ஐந்தெழுத்து, முருக பக்தர்களுக்கு ஆறெழுத்து என்று பங்கு பிரித்திருக்கிறோம். ஃபோர்ட்ரான்காரர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். ‘இதுக்கு மேல எழுத்தே இல்லையாப்பா?’ என்று கேட்டால், 1990-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டில் 31 எழுத்து வரை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. டிஜெம் முறையாக அச்சேறியதும் அதே 1990-ல்தான். நம்மவர்கள் ஐந்தெழுத்தோடு எழுந்துவிட்டார்கள்.

பிளாஸ் வந்த வேகமும் ரசிக்கத் தக்கது. 1979-ல் லாசன், ஹேன்சன், கின்கெய்ட், க்ரோ என்ற நால்வர் முதல் நிலையை வெளியிட்டார்கள். ஒரு வரிசையை இன்னொரு வரிசையோடு கூட்டுவது, பெருக்குவது, அவ்வளவுதான். 1988-ல் இரண்டாம் நிலை: மேட்ரிக்ஸை ஒரு வரிசையால் பெருக்கலாம். 1990-ல் மூன்றாம் நிலை: மேட்ரிக்ஸை மேட்ரிக்ஸால் பெருக்கலாம். நீங்கள் லேபில் ஒரே பீரியடில் தாண்டியதை உலகத்தின் தலைசிறந்த மூளைகள் பதினோரு வருடத்தில் தாண்டின.

சிரிக்கலாம், ஆனால் ஒரு நியாயம் இருந்தது. அந்தக் காலத்து வெக்டர் மெஷின்களுக்கு வரிசைக் கணக்கு தோதாக இருந்தது. பிறகு வந்த சிப்புகள் மின்னல் வேகத்தில் பெருக்கின. மெமரியோ மாட்டு வண்டி வேகத்தில் எண்களைக் கொண்டுவந்து போட்டது. கொண்டுவந்த எண்ணைத் திருப்பி அனுப்புமுன் எத்தனை தடவை பயன்படுத்துகிறோம் என்பதுதான் ஆட்டமே. மேட்ரிக்ஸ்–மேட்ரிக்ஸ் பெருக்கலில் மட்டும்தான் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பிழியலாம். அதற்கு மேட்ரிக்ஸைத் துண்டு துண்டாக வெட்டி, சிப்பை ஒட்டிய சின்ன மெமரியான கேஷில் அடங்குகிற அளவு பார்த்து அடுக்க வேண்டும். உங்கள் ரெக்கார்டு நோட்டு லூப்பும் சரியான விடைதான் தரும். அதற்குள் சிப் முக்கால்வாசி நேரம் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

அதே 1979-ல் சிகாகோ பக்கம் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்திலிருந்து லின்பேக் வந்தது: டோங்கரா, பன்ச், மோலர், ஸ்டூவர்ட். பள்ளிக்கூட வாத்தியாராகப் போவதாக இருந்த ஜாக் டோங்கரா, ஆர்கானில் எட்டிப் பார்க்க வந்தவர், அப்படியே ஒட்டிக்கொண்டார். ஒட்டிக்கொண்டார் என்றால் சும்மா இல்லை: நான்கு பேரும் ஒரு காரோடு நின்று எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று உண்டு. டோங்கராவின் கார். நம்பர் பிளேட்டில் ‘லின்பேக்’. நம் ஊரில் குலதெய்வத்துக்குக் கொடுக்கும் இடத்தை அவர் சமன்பாடு தீர்க்கும் சப்ரூட்டீனுக்குக் கொடுத்திருந்தார்.

லின்பேக் கையேட்டின் பின்னிணைப்பில், ‘உங்கள் மெஷினில் எவ்வளவு நேரமாகும் என்று ஒரு யோசனைக்காக’ 23 கம்ப்யூட்டர்களின் நேரத்தைப் பட்டியல் போட்டு வைத்தார் டோங்கரா. விதி அங்கே சிரித்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் கையேட்டைப் படித்தார்களோ இல்லையோ, பின்னிணைப்பை மட்டும் பிரித்து மேய்ந்தார்கள். அந்தப் பட்டியலின் வாரிசுதான் 1993-லிருந்து வரும் ‘டாப் 500’ சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியல். அமெரிக்காவா சீனாவா ஜப்பானா என்று நாடுகள் மார்தட்டுகின்றனவே, அந்தப் பந்தயத்தில் நேரம் பெரும்பாலும் எதில் போகிறது தெரியுமா? டிஜெம்மில். கோடிக்கணக்கான டாலர் கொட்டிப் பெருக்கல் போட்டி நடத்துகிறார்கள், மாவட்ட அளவில்கூட அல்ல, உலக அளவில்.

இன்னொரு ஆசாமி கிளீவ் மோலர். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். மாணவர்கள் லின்பேக்கையும் அதன் சகோதரி ஐஸ்பேக்கையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அவர்கள் ஃபோர்ட்ரானில் புரோகிராம் எழுதி, கம்பைல் செய்து, லைப்ரரியோடு லிங்க் செய்து... பாவம், பிள்ளைகள். மனமிரங்கிய மோலர் 1970-களின் கடைசியில் ஒரு குட்டி முகப்பு எழுதிக் கொடுத்தார். மேட்ரிக்ஸை டைப் அடித்தால் விடை வரும். பெயர் மேட்லாப். 1984-ல் அது கம்பெனியானது. ஆக, எஞ்சினீயரிங் காலேஜ்கள் லைசென்ஸுக்குக் கொட்டிக் கொடுக்கிற அந்த சாஃப்ட்வேர் பிறந்ததே, லைப்ரரியை லிங்க் செய்கிற தொல்லையிலிருந்து சில மாணவர்களைக் காப்பாற்றத்தான். லைப்ரரி என்னவோ இலவசம்!

இலவசம் மட்டுமா, வீட்டு வாசலுக்கே வந்தது. 1985 வாக்கில் நெட்லிப் என்ற ஏற்பாடு தொடங்கியது. வெப்சைட் என்ற ஜந்துவே பிறக்காத காலம். நீங்கள் ஓர் ஈமெயில் போட வேண்டும். அதில் ‘இண்டெக்ஸை அனுப்பு’ என்று ஒரு வரி. ஒரு புரோகிராம் அதைப் படித்துப் பட்டியலை அனுப்பும். ‘இந்த சப்ரூட்டீனை அனுப்பு’ என்றால் கோடையே பதில் மெயிலில் அனுப்பிவிடும். ஆப் ஸ்டோருக்கு இருபது வருடத்துக்கும் மேல் முந்திய ஆப் ஸ்டோர். விளம்பரம் கிடையாது, ஸ்டார் ரேட்டிங் கிடையாது. மனிதர்கள் எதையும் கெடுக்க ஆரம்பிக்காத சத்திய யுகம்.

1992-ல் லேபேக் வந்தது. லின்பேக், ஐஸ்பேக் இரண்டையும் ஒன்றாக்கி, பாரமான வேலையெல்லாம் பிளாஸ் தலையில் விழும்படி திருத்தி எழுதினார்கள். அதிலிருந்த தந்திரம் இதுதான்: பிளாஸை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பெயர் டிஜெம்மாக இருக்க வேண்டும். அதே 13 ஆர்கியூமென்ட்டை அதே வரிசையில் வாங்க வேண்டும். உள்ளே எப்படிப் பெருக்குவது என்பது அவரவர் சமர்த்து. என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே புத்திசாலித்தனமான காரியம் இந்த ஒப்பந்தம்தான். மேதைகள் கூடிப் பேசி, தங்கள் கோடை யாரும் தூக்கி எறியலாம் என்று எழுதிக் கொடுத்ததை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

தூக்கி எறிந்தார்கள், போட்டி போட்டுக்கொண்டு! ஐபிஎம், டெக், சன், சிலிக்கான் கிராஃபிக்ஸ், இன்டெல் என்று ஆளுக்கொரு பிளாஸ். பெயரில் மட்டும் ஒற்றுமை என்று சொன்னேன் அல்லவா? அதிலும் மண் விழுந்தது.

யூனிக்ஸில் ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் டிஜெம்மை ஆப்ஜெக்ட் ஃபைலில் எழுதும்போது பின்னால் ஓர் அண்டர்ஸ்கோரை ஒட்டின. சி மொழி லைப்ரரிகளோடு பெயர் மோதிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். ஐபிஎம்காரர்கள் வால் வேண்டாம் என்றார்கள். க்ரே சூப்பர் கம்ப்யூட்டரில் எல்லாம் கேப்பிடல் லெட்டர். சூப்பர் இல்லையா, சத்தமாகத்தான் கூப்பிட வேண்டும். பின்னால் வந்த ஜி77 கம்பைலர், பெயருக்குள் ஏற்கெனவே அண்டர்ஸ்கோர் இருந்தால் வால் இரண்டு என்றது. ஏன் என்று கேட்காதீர்கள். அணுகுண்டைக் கணக்குப் போட்ட வம்சம் ஒரு கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்ய முடியாமல் தவித்தது. விளைவு, ஒவ்வொரு சயின்டிஃபிக் சாஃப்ட்வேரிலும் இதற்கென்றே ஒரு ஹெடர் ஃபைல்.

இந்தக் குழப்பத்தில் பஞ்சாயத்துப் பண்ண வந்தவர்தான் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்ட். 1991-ல் டேவிட் மெக்கென்ஸி தொடங்கிய ஆட்டோகான்ஃப் கருவி உற்பத்தி செய்யும் நீளமான ஸ்கிரிப்ட். அதன் வேலை ‘இது இருக்கிறதா... இருக்கிறது, அது இருக்கிறதா... இல்லை’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவது. பிளாஸைத் தேட அதற்கென ஒரு மேக்ரோ உண்டு. டெக் ஆல்ஃபாவின் லைப்ரரி இருக்கிறதா? சன் லைப்ரரி? சிலிக்கான் கிராஃபிக்ஸ் லைப்ரரி? டெக் கம்பெனியை 1998-ல் காம்பேக் வாங்கியது. காம்பேக்கை 2002-ல் ஹெச்பி விழுங்கியது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் 2009-ல் திவால். சன்னை 2010-ல் ஆரக்கிள் வாங்கியது. மேக்ரோவுக்கு யாரும் சாவுச் செய்தி சொல்லவில்லை. உங்கள் புத்தம் புது லேப்டாப்பிலும், முன்னாலேயே வேறு பிளாஸ் சிக்காவிட்டால், வாக்காளர் பட்டியல் மாதிரி காலமானவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கும்.

சரி, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு பிளாஸைக் கண்டுபிடித்துவிட்டது என்றே வையுங்கள். எப்படிச் சோதிக்கிறது? பிளாஸ் சப்ரூட்டீன் ஒன்றைக் கூப்பிடும் ஒரு பொடி புரோகிராமை எழுதி, லிங்க் ஆகிறதா என்று பார்க்கிறது. லிங்க் ஆகிவிட்டால் ‘எஸ்’. அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. உங்கள் மெஷினில் நெட்லிப்பின் ஆதி பிளாஸ், அதாவது நீங்கள் ரெக்கார்டில் எழுதிய அதே மூன்று லூப், உட்கார்ந்திருந்தாலும் ‘எஸ்’. கணக்கு சரியாக வரும், பத்து மடங்கு இருபது மடங்கு மெதுவாக. எர்ரர் கிடையாது, வார்னிங் கிடையாது. ‘பெரிய ப்ராப்ளம் சார், டைம் எடுக்கத்தான் செய்யும்’ என்று கைடிடம் நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

லிங்கரின் பிடிவாதம் தனிக் கதை. அது ஸ்டாட்டிக் லைப்ரரிகளை இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை படிக்கும். லேபேக்கை முதலில் எழுதி, பிளாஸைப் பின்னால் எழுதினால் வேலை நடக்கும். மாற்றி எழுதினால், ‘டிஜெம்மா, அப்படி யாரையும் கேள்விப்பட்டதில்லையே’ என்று சாதிக்கும். கேள்விப்பட்டிருக்கிறது, ஒரு நொடி முன்னால் அந்த லைப்ரரியைத் தாண்டித்தான் வந்தது. அப்போது யாரும் கேட்கவில்லையே என்பது அதன் வாதம். அரசு அலுவலகங்களில் இந்த வாதத்துக்கு ரொம்ப மரியாதை உண்டு.

1990-களின் கடைசியில் டென்னசி பல்கலைக்கழகத்தில் கிளின்ட் வேலிக்கு ஒரு யோசனை. எதற்கு மனிதன் உட்கார்ந்து ஒவ்வொரு சிப்புக்கும் டியூன் செய்ய வேண்டும்? கம்ப்யூட்டரே விதவிதமாகக் கோடை எழுதி, ஓட்டி, நேரம் பார்த்து, வேகமானதை வைத்துக்கொள்ளட்டும். அதுதான் அட்லஸ். பிரமாதமான யோசனை. ஒரே சிக்கல், நேரம் பார்க்கிறபோது சிப்பின் வேகம் ஏறி இறங்கக் கூடாது. பேட்டரியை மிச்சப்படுத்த வேகத்தை ஏற்றி இறக்குவதுதான் லேப்டாப் சிப்பின் பிறவி குணம். அட்லஸ் அதைக் கண்டுபிடித்தால், இந்த மெஷினில் என்னை இன்ஸ்டால் செய்வதே அர்த்தமற்றது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நின்றுவிடும்.

அப்படியும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்குப் பின்னாளில் ஒரு வழி விட்டார்கள். கான்ஃபிகர் கட்டளையில் ஓர் ஆப்ஷன் சேர்க்க வேண்டும். ஆப்ஷனின் பெயர் ‘கிரிப்பிள் அட்லஸ் பெர்ஃபார்மன்ஸ்’. அதாவது, ‘அட்லஸை நான் என் கையாலேயே முடமாக்குகிறேன்’ என்று நீங்களே டைப் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை ரோஷமான சாஃப்ட்வேரை நான் பார்த்ததில்லை. லினக்ஸ்காரர்கள் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தார்கள்: தங்கள் மெஷினில் ஒரு தடவை அட்லஸைக் கட்டி, அதையே எல்லோருக்கும் பேக்கேஜாக அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக அளவெடுக்கப் பிறந்த சாஃப்ட்வேர், யாரோ ஒருவர் மெஷினின் அளவில் ஊர் முழுக்கப் போனது.

கம்ப்யூட்டர் தானே டியூன் செய்கிறது, இனி மனிதனுக்கு வேலையில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட நேரத்தில்தான் ஜப்பானிலிருந்து ஒருவர் வந்தார். கசுஷிகே கோட்டோ. பேராசிரியர் கிடையாது, ஜப்பான் பேட்டன்ட் அலுவலக ஊழியர். பேட்டன்ட் ஆபீசில் வேலை கம்மி போலிருக்கிறது. பெர்னில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ரிலேட்டிவிட்டி கண்டுபிடித்தார். டோக்கியோவில் உட்கார்ந்தவர் பெருக்கல் வாய்ப்பாட்டைத் திருத்தினார்.

2000-களின் தொடக்கத்தில் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன கோட்டோ, அசெம்பிளி கோடைக் கையால், வரி வரியாகச் செதுக்கினார். மற்றவர்கள் எல்லோரும் சிப்புக்கு மிக அருகில் இருக்கும் குட்டி கேஷையே கட்டிக்கொண்டு அழுதபோது, அவர் அடுத்த நிலை கேஷைப் பிடித்தார். மெமரி விலாசங்களைக் குறித்து வைக்கும் டிஎல்பி என்ற சின்ன அட்டவணை நிரம்பி வழிவதுதான் நிஜமான வில்லன் என்று காட்டினார். அட்லஸ் உட்பட அத்தனை பேரும் பின்தங்கினார்கள். ‘இவர் ஒரு நடமாடும் கம்ப்யூட்டர்’ என்கிற தோரணையில் 2005-ல் நியூயார்க் டைம்ஸ் கட்டுரை போட்டது. ஆயிரம் வகைகளை ஓட்டிப் பார்க்கிற இயந்திரத்தை, உட்கார்ந்து யோசித்த ஓர் ஆபீசர் தோற்கடித்தார். எதற்கும் இதை உங்கள் ஏஐ நண்பரிடம் சொல்லி வையுங்கள்.

பிறகு அவர் மைக்ரோசாஃப்ட் போனார், இன்டெல் போனார். 2010-ல் அவருடைய கோடு திறந்த லைசென்ஸில் வெளிவந்து அநாதையாக நின்றது. மறு வருடமே சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜாங் சியான்யி அதைத் தத்தெடுத்து ‘ஓப்பன் பிளாஸ்’ என்று பெயர் வைத்தார். இன்று நீங்கள் நம்பை என்ற பைத்தான் லைப்ரரியை இன்ஸ்டால் செய்தால் பெரும்பாலும் கூடவே வருவது அதுதான். ஜப்பானியர் செதுக்கி, அமெரிக்காவில் வளர்ந்து, சீனாவில் தத்துப் போன பிள்ளை; கூப்பிடுகிற பெயர் மட்டும் ஐபிஎம் 704 வைத்தது.

இன்டெல் வீட்டுப் பிளாஸின் பெயர் எம்கேஎல். வேகத்தில் குறை சொல்ல முடியாது. லிங்க் செய்வதுதான் திருவிழா. இடைமுகத்துக்கு ஒரு லைப்ரரி, த்ரெட்டுக்கு ஒன்று, கருவறைக்கு ஒன்று. மூன்றும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்வதால் லிங்கரிடம் ‘குரூப் ஆரம்பம், குரூப் முடிவு’ என்று அடைப்புக்குறி போட்டுக் கெஞ்ச வேண்டும். எந்த வரியை எழுதுவது என்று ஊரே குழம்பியதால் இன்டெல் ஒரு தனி வெப் பக்கமே திறந்தது. உங்கள் ஓஎஸ் என்ன, கம்பைலர் என்ன, இன்டிஜர் 32 பிட்டா 64 பிட்டா என்று ஜாதகம் கேட்டுவிட்டு, கீழே ஒரு நீண்ட வரியைக் கொடுக்கும். நீங்கள் அதை அப்படியே காப்பி அடிக்க வேண்டும். லைப்ரரியைப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்ல ஒரு சாஃப்ட்வேர்!

அந்த 32, 64 பிட் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருந்தால் கல்யாணம் நிற்காது. அதாவது லிங்க் அருமையாக நடக்கும். குடித்தனம்தான் நடக்காது.

எம்கேஎல்லுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஓடத் தொடங்கும்போது சிப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கும். நியாயமாக, ‘உனக்கு என்னென்ன இன்ஸ்ட்ரக்‌ஷன் தெரியும்?’ என்று கேட்க வேண்டும். அது, ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டது. இன்டெல் வீட்டுப் பிள்ளை என்றால் ராஜபாட்டை. ஏஎம்டி என்றால், அதே இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் தெரிந்திருந்தாலும், பொடிநடைப் பாதை. இன்டெல் கம்பைலரிலும் இதே வழக்கம் இருப்பதை டென்மார்க்கின் ஆக்னர் ஃபாக் போன்றவர்கள் தோண்டி எடுத்து எழுதினார்கள். 2010-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், எங்கள் கம்பைலர் மற்றவர்கள் சிப்பில் அதே அளவுக்கு டியூன் செய்யாமல் போகலாம் என்று இன்டெல் அறிவிக்க வேண்டி வந்தது. பாகுபாட்டை நிறுத்து என்று சொல்வதைவிட, பாகுபாடு உண்டு என்று போர்டு மாட்டச் சொல்வது சுலபம்.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? என்விரான்மென்ட் வேரியபிள் ஒன்று கிடைத்தது. ‘டீபக் சிபியு டைப்’ என்று முடியும் பெயர். மதிப்பு 5 என்று வைத்தால் எம்கேஎல் கண்ணை மூடிக்கொண்டு வேகப் பாதையில் ஓடியது. 2019 வாக்கில் ஏஎம்டி சிப் வாங்கியவர்கள் எல்லோரும் இந்த மந்திரத்தைக் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டார்கள். 2020-ல் வந்த அப்டேட்டில் வேரியபிள் மாயம். கொஞ்ச நாளில் அடுத்த வித்தை: ‘நீ இன்டெல் சிப்பா?’ என்று கேட்கிற ஃபங்ஷனின் பெயரிலேயே ஒரு போலி ஃபங்ஷன் எழுதி, ‘ஆமாம்’ என்று மட்டும் சொல்ல வைத்து, முந்திக்கொண்டு ஏற்றிவிட்டார்கள். ஒரு வரிதான். விஞ்ஞானிகள் பெருக்கலை வேகப்படுத்தப் பொய்ச் சான்றிதழ் தயாரித்த வரலாறு இது.

ஆப்பிள் பக்கம் போனால் அங்கே ஆக்ஸிலரேட் என்று ஒரு பிளாஸ், மெஷினோடே வரும். கான்ஃபிகர் கேட்டால் சந்தோஷமாக ‘எஸ்’. ஓட்டினால் டமார். சிக்கலெண்ணை விடையாகத் திருப்பித் தரும் ஃபங்ஷன்கள், அந்தப் பதிலை எந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவது என்பதில் கம்பைலருக்கும் ஆக்ஸிலரேட்டுக்கும் அபிப்பிராய பேதம். போதாக்குறைக்கு உள்ளே இருந்த லேபேக் 2009-ஆம் வருடத்துச் சரக்கு. வருடத்துக்கு ஒரு புது போன் விற்கும் கம்பெனி அதை மாற்ற 2023 வரை எடுத்துக்கொண்டது. சைபை என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரியின் குழு அதற்கு முன்பே, 2018-ல், ‘இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம்’ என்று கும்பிடு போட்டுவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 2019-ல் நடந்த கூத்து. டிஜெம்முக்கு 13 ஆர்கியூமென்ட் என்று மேலே சொன்னேன், நீங்களும் நம்பினீர்கள். நிஜத்தில் 15. முதல் இரண்டும் எழுத்து வகை. ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் எழுத்து வகை எதைக் கண்டாலும் அதன் நீளத்தைக் கடைசியில் ரகசியமாக ஒட்டி அனுப்பும். சி மொழியில் எழுதுகிறவர்கள் தொன்றுதொட்டு அந்த ரகசிய நீளத்தை அனுப்புவதே இல்லை. ஒரே ஓர் எழுத்துதானே, அதற்கு நீளம் ஒரு கேடா? ஃபோர்ட்ரானும் அதைத் திறந்து பார்க்கவில்லை. வண்டி பல்லாண்டு ஓடியது.

ஒரு நாள் ஜிஎஃப்ஃபோர்ட்ரான் கம்பைலருக்குப் புத்திசாலித்தனம் வந்தது. நீளம் வைக்க வேண்டிய அந்த இடம் எனக்கு ஒதுக்கியதுதானே என்று அதில் எழுதத் தொடங்கியது. அங்கே இருந்ததோ, நீளத்தை அனுப்பாதவர்களின் சொந்தச் சாமான்! புள்ளியியல்காரர்களின் ஆர் மொழி கண்டபடி கவிழ்ந்தது. யார் குற்றவாளி என்று தேடினால், ஆர் மட்டும் இல்லை. லேபேக்கை சி-யிலிருந்து கூப்பிட நெட்லிப்பே கொடுத்திருந்த அதிகாரபூர்வ இடைமுகத்திலும் அதே தவறு. எல்லோரும் ஒரே தவறை ஒன்றாகச் செய்துகொண்டிருந்ததால் அது வழக்கமாகிவிட்டிருந்தது. கடைசியில் சரியாக நடந்துகொண்ட கம்பைலர்தான் இறங்கி வந்து, இந்தப் பழைய கோடுகளுக்காகத் தன் புத்திசாலித்தனத்தை அடக்கிக்கொள்ள ஓர் ஆப்ஷன் சேர்த்தது.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். ஒரே ஒரு கட்டளையில் நம்பை இறங்குகிறது. உள்ளே ஒரு ஓப்பன் பிளாஸ். சைபை இறங்குகிறது, உள்ளே தனியாக இன்னொரு ஓப்பன் பிளாஸ். விலாசம் தேடுகிற தொல்லை வேண்டாம் என்று ஆளுக்கொரு பெருக்கல் நிபுணரைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் மெஷினில் எட்டு கோர் என்றால் முதலாமவர் எட்டு த்ரெட் கிளப்புவார். இரண்டாமவர் அவரைப் பார்த்ததே இல்லை. அவரும் எட்டு கிளப்புவார். வேலையை வேகமாக்க நீங்களும் நான்கு பிராசஸாகப் பிரித்தீர்கள் என்றால், கம்ப்யூட்டரின் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுற்றும், கணக்கு நகராது.

இவர்களைக் கட்டி மேய்க்க த்ரெட்பூல்சிடிஎல் என்று மூன்றாவதாக ஒரு லைப்ரரி எழுதியிருக்கிறார்கள். மெமரியில் எத்தனை பிளாஸ் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து, ஆளுக்கு இத்தனை த்ரெட்தான் என்று ரேஷன் போடும். அதை இன்ஸ்டால் செய்ய கம்பைலர் வேண்டாம், லிங்கர் வேண்டாம், விலாசம் வேண்டாம். ஒரே நொடியில் இறங்கிவிடும். அதற்குள் ஒரு மேட்ரிக்ஸ் பெருக்கல்கூடக் கிடையாது.